நீ கேட்டதும் அம்ருதா கேட்டதும்

ஜோகுபாளையம்,
பெங்களூர்.
ஆகஸ்ட் 2001

அன்புள்ள ஹர்ஷாவுக்கும் அம்ருதாவுக்கும், ஒருவருக்கு அம்மாவும் மற்றவருக்கு அத்தையுமான ருக்மிணி எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுத வேண்டும். எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக முதல் வரியிலேயே தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வாதம் என்று எழுதுவேன். இன்றைக்கு அந்த வார்த்தையில் பேனா நின்றுவிட்டது. ஆசீர்வாதம் கடைசியில் வரும், வராமல் போகாது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பின் தெரு ஸ்ரீரஞ்சனி வியாழக்கிழமை விமானம் ஏறி உங்கள் ஊருக்குத்தான் வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே சாம்பார்ப் பொடியும் உப்பு நார்த்தங்காயும் இருக்கிறது. அம்ருதாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறது என்றாயே, நார்த்தங்காயில் ஒரு துணுக்கை நாக்கில் அடக்கிக்கொண்டால் கேட்கும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டபோது ஸ்ரீரஞ்சனி, "விசேஷமா மாமி?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி ஆட்ட நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்.

ஹர்ஷா, போன ஞாயிற்றுக்கிழமை லைன் சரியில்லை என்று சொல்லி ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் சுதீருக்கு வந்த வியாதிதான் என்று டெஸ்டில் தெரிந்துவிட்டது, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றாய். அதுவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு, "சுதீர் அண்ணா வயித்துல இருக்கறச்சே உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ என்ன பண்ணியிருப்பேம்மா?" என்றாய். அங்கேதான் லைன் சரியில்லாமல் போயிற்று.

மறுநாள் நீ ஆபீஸ் போன பிறகு அம்ருதா தனியாகக் கூப்பிட்டாள். உன்னிடம் சொன்னாளோ இல்லையோ, இப்போது தெரிந்துகொள். இந்த மாதிரி விஷயத்தில் புருஷன் ஒரு டப்பாவிலும் பெண்டாட்டி ஒரு டப்பாவிலும் மூடி வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. அவள் அழவில்லை. என் முதுகு வலியை விசாரித்தாள், மழை உண்டா என்று கேட்டாள். போனை வைக்கப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அத்தை, சுதீர் அத்தான் சந்தோஷமா இருந்தாரா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுடைய கேள்விதான் சுலபம் என்று நினைத்து, இதை எழுத உட்கார்ந்தபோது அதை முதலில் எடுத்துக்கொண்டேன்.

உன் அண்ணா போய் இந்த ஆவணிக்கு இரண்டு வருஷம். அவன் உட்கார்ந்தான், தவழவில்லை, நிற்கவே இல்லை. தசை கரைகிற வியாதி என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஏதோ சோப்பு கரைகிற மாதிரிதான் தோன்றியது. கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் கழுத்துக்கு மேலே இருந்தது அத்தனையும் கரையாமல் இருந்தது. வாய் இருந்ததே, அப்பப்பா.

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அவன்தானே அம்பயர். கேட்டுக்கு உள்ளே பிரம்பு நாற்காலியில் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார வைப்பேன். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவன் சொன்னதைக் கேட்கும். அது எழும்பினால் அவுட், மேல்முறையீடு கிடையாது. சந்தேகம் வந்தால் ஆடுகிறவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவன் சட்டம். ஆடுகிறவன் நீயாக இருந்தால் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வராது, விரல் எழுந்துவிடும். தம்பிக்குப் பார்த்துச் செய்தான் என்று யாரும் சொல்லக் கூடாதாம். ஒரு நாள் நீ மட்டையை வீசிவிட்டு, கை கால் வராதவனுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினாய். "காது வரதுடா. மட்டையில பட்டுது, கேட்டுது. உள்ள போ," என்றான். நீ இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய்.

வருஷம் போகப் போக அந்த விரலும் சோர்ந்துபோயிற்று. நாற்காலிக் கையில் லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். பையன்கள் அத்தனை பேரும் ஓடி வந்து குனிந்து அந்த விரலையே பார்ப்பார்கள். அதற்கும் பிறகு புருவம். புருவம் அசைந்ததற்கு அவுட் ஆகி அழுதுகொண்டே போனவர்கள் இன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

காவிரித் தகராறில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்களே அந்த டிசம்பர், அதை நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் கிருஷ்ணப்பா பின் சுவரேறி வந்து, சுதீரை என் பழைய புடவையால் முதுகில் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குத் தூக்கிப் போனார். நம் எல்லோரையும் பூஜை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் ராமா ராமா என்று நடுங்கிக்கொண்டிருக்கிறேன், இவன் கன்னடத்தில் அவரைக் கேட்கிறான், இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிறோம், ஊர் எரிந்தால்தான் வீட்டுக்குக் கூப்பிடுவீர்களா என்று. கிருஷ்ணப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அதற்குப் பிறகு டியூட்டி இல்லாத நாட்களில் அவரே வந்து அவனை முதுகில் தூக்கிக்கொண்டு அல்சூரில் சினிமாவுக்குப் போவார். அவனைப் பின் வரிசையில் இரண்டு சீட்டுக்கு நடுவில் சாய்த்து வைத்துக்கொள்வாராம். படம் எப்படி என்று கேட்டால், பாதிப் படம் கிருஷ்ணப்பாவின் குறட்டை என்பான்.

அப்புறம் அந்தக் கன்னடப் பாடம். கம்ப்யூட்டர் வேலைக்கென்று ஊர் ஊராக வந்து இறங்கிய பிள்ளைகளுக்குப் பேச்சுக் கன்னடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தான். வேடிக்கையைப் பார், காவிரித் தண்ணீருக்காக எந்த ஜனங்கள் நம்மை விரட்டினார்களோ அவர்கள் பாஷையைத் தமிழன் உட்கார்ந்துகொண்டு டெல்லிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். பாடத்தின் நடுவில் இங்கிலீஷ் பேசிவிட்டால் தண்டனை உண்டு, அவனுக்கு இட்லி ஊட்ட வேண்டும். ஒரு பெண் வேண்டுமென்றே இங்கிலீஷ் பேசுவாள். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். என் கை அல்லாத ஒரு கை அவன் வாயில் ஊட்டுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. பிறகு அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, ஆமாம் அம்ருதா, சந்தோஷமாகத்தான் இருந்தான் என்று முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்படி முடித்தால் அது பொய்யும் இல்லை. ஆனால் கேட்டது நீ. பள்ளிக்கூட லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்துக்குப் பக்கம் புரட்டினவள். உன்னிடம் பாதியைச் சொல்ல மனசு வரவில்லை.

உங்கள் நிச்சயதார்த்தத்தில் வாத்தியார் லக்னப் பத்திரிகை படிக்க வாயெடுத்தபோது அவன் குரல் கொடுத்தான். "மூத்தவன் நான் இங்க உக்காந்துண்டிருக்கேன். முறைப்பொண்ணுன்னா முதல் உரிமை எனக்கு. என்னைக் கேக்காம படிக்கப்படாது." கூடமே சிரித்தது. உன் அப்பா நாணுவும் விளையாட்டாக எழுந்துபோய்க் கைகூப்பிக் கேட்டான். "சரி, கொடுத்தேன். தம்பிக்கே கொடுத்தேன்," என்றான் சுதீர். இன்னும் சிரிப்பு. நீ சிரிக்கவில்லை. தட்டிலிருந்து முதல் தாம்பூலத்தை எடுத்து அவன் மடியில் வைத்து நமஸ்காரம் பண்ணினாய். வாத்தியார் இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்பதுபோலப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் படுக்க வேண்டும் என்றான். நானும் அப்பாவும் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் விட்டோம். அவன் எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் படுப்பான், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரிய வேண்டும். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னான். பந்தி முடிகிற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். பாயசம் கொண்டுபோனேன், அவனுக்குப் பிடித்த கடலைப்பருப்புப் பாயசம். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சாயந்தரம் பழையபடி திருப்பிப் போடச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டார் என்று மிதப்பாக இல்லாமல் நாணு மாமா வீட்டுக்கு மரியாதையாகப் புடவை, துணிமணி எடுத்தாயா என்று என்னை விரட்டினான்.

அவன் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் அங்கே. நீங்கள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதனால் இதை நேரில் சொல்ல வாய்க்கவில்லை, பிறகு சொல்லவும் வாய் வரவில்லை. சளி நெஞ்சை அடைத்துக்கொண்டது. இருமுவதற்குத் தெம்பு இல்லாத உடம்பு அது. ஒவ்வொரு முறையும் நான்தான் விலாவில் கையை வைத்து அமுக்கி அவனுக்காக இருமுவேன். அன்றைக்கு எவ்வளவு அமுக்கியும் வரவில்லை. டாக்டர் தொண்டையில் ஓட்டை போட்டு மெஷினில் வைத்தால் கொஞ்ச காலம் இருக்கலாம் என்றார். பேச முடியுமா என்று கேட்டான். இனிமேல் முடியாது என்றார் அவர்.

பேச்சு இல்லாமல் சுதீர் எதற்கு, வேண்டாம் என்றுதான் சொல்வான் என்று நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். ஒரு பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். பிறகு என்னைக் குனியச் சொல்லி, "போட்டுடச் சொல்லும்மா. பேச்சு போனாப் போறது. பாத்துண்டாவது இருக்கேன்," என்றான். மறுநாள் காலையில் செய்வதாக இருந்தது. விடிந்து காப்பி நேரத்துக்கு, அவர்கள் வந்து அழைத்துப் போவதற்கு முன்னாலேயே போய்விட்டான்.

ஆகையால் அம்ருதா, சந்தோஷமாக இருந்தானா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போக மனசில்லாமல் போனான். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஹர்ஷா, இனி உன் கேள்வி. தெரிந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. முகம் தெரியாத ஒன்றுக்காக ஆயுசு முழுக்கக் கட்டிலடியில் கிடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் பயந்து நடுங்கியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, அவன் பிறந்துவிட்டான். இன்றைக்கு யாராவது வந்து, அந்தப் பிள்ளை உனக்கு வேண்டாமாயிருந்தது என்று எழுதிக் கொடு என்றால் அவர்களை விளக்குமாற்றால் அடித்து விரட்டுவேன். இரண்டும் நான்தான். உனக்கு இதில் எது உதவும் என்று நானும் பார்க்கிறேன், புலப்படவில்லை. என்னிடம் முதலில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் வியாதியைச் சொன்னார்கள். உங்களிடம் வியாதியை மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையை மறைத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

சுதீருக்கு வியாதி என்று தெரிந்த அன்றே டாக்டர் கேட்டார், சொந்தத்தில் கல்யாணமா என்று. உன் அப்பா என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்று பெருமையாகச் சொன்னேன். நம் குடும்பத்தில் பெண்ணை வெளியே கொடுத்தால்தான் ஏன் என்று விசாரிப்பார்கள். உங்கள் கல்யாணத்தின்போதும் நானும் நாணுவும் ஜாதகத்தைத்தான் பார்த்தோம். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று ஜோசியர் சொன்னதும் கல்கண்டு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தோம். நீ ஓடுகிற பையன், அவள் துள்ளுகிற பெண். ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும், பத்துக்கு ஒன்பது இருக்கும்போது ரத்தம் எதற்கு என்றுதான் கேட்டிருப்போம். டெஸ்டைப் பற்றி நாணுவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. நேற்று வந்தபோது, பேரனுக்கு வெள்ளி அரைஞாணா தங்க அரைஞாணா என்று கேட்டுவிட்டுப் போனான்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா வந்து பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதே. என்னால் இப்போது தண்ணீர்க் குடத்தையே தூக்க முடியவில்லை. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, காப்பி டபராவிலேயே பாதி நின்றுவிடுகிறது. பிரம்பு நாற்காலியில் அவர் உட்காருவதில்லை, மழை வந்தால் மட்டும் உள்ளே இழுத்துப் போடுகிறார். நீ கேட்டதை அவரிடம் சொல்லி, என்ன எழுத என்று கேட்டேன். "தூக்கினதுல எனக்கு வருத்தம் இல்லைன்னு எழுது. முதுகுக்குத்தான் வருத்தம்," என்றார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

அங்கே பட்டனை அழுத்தினால் ஓடும் நாற்காலி உண்டு, தூக்கி விட மெஷின் உண்டு என்கிறார்கள். சுதீருக்கு அதில் ஒன்று கிடைத்திருந்தால் அல்சூரையே இரண்டு பண்ணியிருப்பான். ஆனால் நெஞ்சை அமுக்க அங்கேயும் ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குத் தூக்கம் கிடையாது, கல்யாணம் கார்த்திகை கிடையாது, சாவுகூடக் கிடையாது. நமக்குப் பிறகு யார் என்பதுதான் பயம். சோமேசுவரர் கோவிலில் நான் தினமும் என்ன வேண்டிக்கொள்கிறேன் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். இவன் எனக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் வேண்டினதில் பலித்தது அது ஒன்றுதான். இப்போது கோவில் பக்கமே போவதில்லை.

சுதீர் இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று உனக்குத் தோன்றும். சந்தேகம் வந்தால் ஆடுகிறவனுக்கு என்றுதான் சொல்லியிருப்பான். அதை வைத்துக்கொண்டு நீ முடிவு செய்யாதே. அது தெரு விளையாட்டுக்கு அவன் வைத்த சட்டம். ஒன்று மட்டும், அவன் வாழ்ந்ததை வீண் என்று யாராவது உன்னிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் ஒத்துக்கொள்ளாதே.

எதுவானாலும் லீவு போட்டுவிட்டு அம்ருதாவின் பக்கத்தில் இரு. சமாதானம் சொல்கிறேன் என்று ஆரம்பிக்காதே, உனக்கு அது வராது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால், கட்டிலை நகர்த்தி, சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நீ உட்கார்ந்துகொள்.

வேண்டாம் என்று ஆகிவிட்டால் அதைப் போனில் எனக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போலக் கூப்பிட்டு மழையைப் பற்றிப் பேசு, புரிந்துகொள்வேன். டெஸ்டில் ஆணா பெண்ணா என்றும் தெரிந்திருக்கும். அதை மட்டும் எப்போதும் என்னிடம் சொல்லிவிடாதே. பெயர் வைத்துவிடுவேன்.

ஸ்ரீரஞ்சனி வாசலில் வந்து நிற்கிறாள். தீர்க்காயுசு என்று எழுத இப்போதும் கை வரவில்லை. இருக்கிற வரைக்கும் ஒருவரை ஒருவர் விடாமல் இருங்கள். அங்கே இப்போது இருக்கிற எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா, அவளுடைய அத்தை,
ருக்மிணி